நீரை ஆண்ட நுண்பொறிகள்: பெருமை மட்டும் போதுமா?

நீர்மத்திற்கெனத் தனி வடிவம் இல்லை. ஏந்திய கலத்தின் வடிவையே அது ஏற்கும். பள்ளம் கண்டால் பாயும். ஊசித் துளை கிடைத்தாலும் கசிந்து வெளியேறும். இத்தகைய ஒன்றை நிறுத்தவும் செலுத்தவும், அளக்கவும் கலக்கவும், மேலேற்றவும் மனிதன் கண்ட கருவிகளின் வரலாறு அறிவு வரலாற்றின் சுவைமிக்க பகுதியாகும். அதில் அரபு மொழியில் எழுந்த இரு நூல்கள் தனியிடம் பெறுகின்றன. அவற்றை நாம் எவ்வாறு போற்றுகிறோம், எவ்வாறு போற்ற வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

உடன்பிறந்தார் மூவர்

முகம்மது, அகமது, அல்ஹசன் ஆகிய மூவரும் மூஸா இப்னு ஷாகிர் என்பாரின் மைந்தர்கள். ஆதலின் 'பனூ மூஸா' எனப்பட்டனர். கலீஃபா மஃமூனின் ஆதரவில் பாக்தாதில் கல்வி பெற்ற இவர்கள், ஏறத்தாழ கி.பி. 850இல் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை இயற்றினர். 'ஹியல்' என்னும் சொல் உபாயத்தையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். தமிழில் 'பொறி' என்னும் சொல்லும் அவ்வாறே. எலியைப் பிடிப்பதும் பொறி, இயந்திரமும் பொறி. இரு மொழிகளும் ஒரே வகையில் சிந்தித்திருப்பது வியப்பளிக்கிறது.

இந்நூல் ஏறக்குறைய 100 கருவிகளை விளக்குகிறது. ஒரே மூக்கின் வழியாக வெவ்வேறு நீர்மங்களைத் தரும் குடங்களும், கால்நடை குடிக்கக் குடிக்கத் தானே நிரம்பும் தொட்டியும், வடிவம் மாறி மாறிப் பீச்சும் நீரூற்றுகளும் அவற்றுள் அடங்கும். கூம்பு வடிவ அடைப்பான், மிதவை, வளைகுழாய், காற்றின் அழுத்தம் ஆகியவற்றைப் பொருத்தமுறச் சேர்த்தே இத்தனையும் செய்தனர். இவற்றுட் பல விருந்தினரை வியக்கவைக்கும் விளையாட்டுப் பொருள்களே என்று சிலர் குறை கூறலாம். ஆனால், மனிதக் கை படாமல் ஒரு கருவி தன்னைத்தானே திறந்து மூடிக்கொள்ளும் என்ற எண்ணம் அவ்விளையாட்டினுள் அடங்கியிருப்பதை மறத்தலாகாது.

அல்ஜஸரியின் எக்கி

அடுத்த நூல் அல்ஜஸரியினுடையது. தியார்பக்கிரில் ஆண்ட அர்துக்கிய மன்னரின் அவையில் பொறியாளராகப் பணியாற்றிய இவர், மன்னரின் விருப்பத்திற்கிணங்க 1206இல் தம் நூலை நிறைவு செய்தார். நீர்க்கடிகாரம், கை கழுவும் கலம், குருதி வடிக்கும்போது அதன் அளவைக் காட்டும் கலம், நீரூற்று, நீரேற்றும் கருவி என 50 கருவிகள் ஆறு வகைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன.

நீரேற்றும் கருவிகள் ஐந்தனுள் இறுதியானது இரட்டை உருளை எக்கி. ஓடும் நீர் சக்கரத்தைச் சுழற்றும். அச்சுழற்சி பற்சக்கரங்களின் வழியே சென்று ஒரு தண்டினை இருபுறமும் அசைக்கும். தண்டோடு இணைந்த இரு பிஸ்டன்களுள் ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றொன்று மேலே தள்ளும். ஒருவழி அடைப்பிதழ்கள் நீர் திரும்பாமல் காக்கும். சுழற்சியை முன்பின் இயக்கமாக மாற்றியதும், உறிஞ்சு குழாய் பொருத்தியதும் இதன் சிறப்புகள்.

எனினும், அல்ஜஸரியின் பெருமை இந்த எக்கியோடு முடிவதன்று. அடைப்பானையும் அது அமரும் இடத்தையும் எமரித் தூள் இட்டு ஒன்றோடொன்று தேய்த்தால்தான் நீர் கசியாது என்று எழுதியவர் அவர். படித்தவர் தாமே செய்துகொள்ளும் வகையில் அளவுகளையும் படங்களையும் தந்தவர். செயலால் சோதிக்கப்படாத தொழில்நுட்ப அறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையே நிற்கும் என்பது அவர் முன்னுரையில் காணும் கருத்து.

இரு பிழைகள்

இன்று மேடைகளில் இவர்களின் பெயர்கள் ஒலிக்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால், 'எல்லாவற்றையும் நம்மவரே கண்டனர். பிறர் எடுத்துக்கொண்டனர்' என்று முடிப்பது முதற்பிழை. பைசாந்தியத்து ஃபிலோ, அலெக்சாந்திரியத்து ஹீரோ ஆகியோர் வகுத்த வழியில்தான் பனூ மூஸா நடந்தனர்; நடந்து மேலும் சென்றனர். கடனை ஒப்புவதால் அவர்கள் பெருமை குறைவதில்லை. மேனாட்டார் வரலாற்றோடு பொறியியல் தொடங்கியதென எழுதி, இடையிலுள்ள நூற்றாண்டுகளை வெற்றிடமாக விடுவது இரண்டாம் பிழை.

இரண்டிற்கும் மாற்றாக அல்ஜஸரியே வழி காட்டுகிறார். நீரூற்றுகளைப் பற்றிப் பேசுமிடத்து, பனூ மூஸாவை மரியாதையோடு நினைவுகூர்கிறார். உடனே, அவர்கள் முறையில் நீரூற்றின் வடிவம் மிகக் குறுகிய இடைவெளியில் மாறுவதால் கண்டு மகிழ இயலவில்லை எனக் குறை காட்டி, தம் முறையை வகுக்கிறார். முன்னோரை மதித்தல், ஆராய்தல், திருத்துதல் என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே அமைகின்றன. நாமோ முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம்.

செய்யத்தக்கது

'கடையில் மின் எக்கி கிடைக்கும்போது பழங்கருவி எதற்கு?' என்று கேட்கலாம். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்தும் மிதவையிலும், வீட்டுக் குழாயின் அடைப்பானிலும் இன்றும் அதே தத்துவமே இயங்குகிறது. தேர்வில் அழுத்த விதியை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவர், சொட்டும் குழாயைக் கழற்றிப் பார்க்கத் தயங்குவாரெனில் அக்கல்வி பாதிக்கல்வியே.

ஆகவே, அரபுத்துறையும் இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து இந்நூல்களின் பகுதிகளைப் படங்களோடும் அளவுகளோடும் நல்ல தமிழில் தரவேண்டும். பனூ மூஸா நூலை 1979இலும், அல்ஜஸரி நூலை 1974இலும் ஆங்கிலத்தில் தந்தவர் டொனால்ட் ஹில் என்னும் பொறியாளர் என்பது நோக்கத்தக்கது. நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. மடை, மதகு, தூம்பு, குமிழி என நீரைக் கட்டியாண்ட தொழிலின் சொற்கள் நம் ஏரிக்கரைகளில் வழங்கி வந்தவையே. ஆண்டுதோறும் ஒரு கருவியையேனும் தகரத்தாலும் குழாயாலும் மாணவர்கள் செய்து காட்டவேண்டும். 1976இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அல்ஜஸரியின் பெரும் நீர்க்கடிகாரம் மீண்டும் உருவாக்கப்பட்டு இயங்கிற்று. எழுத்தைக் கருவியாக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று.

செய்த கருவி முதல்முறை கசியலாம். கசியும் இடத்தைக் கண்டு, தேய்த்து, மீண்டும் பொருத்திப் பார்க்கும் மாணவரே அல்ஜஸரியின் உண்மையான வாரிசு ஆவார்.