தங்கம் அசல், காசு போலி

நகைக்கடையில் பொன்னை உரைத்துப் பார்ப்பதை நாம் கண்டிருக்கின்றோம். உரைகல்லில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு துளி திராவகம். மாற்றுத் தெரிந்துவிடும். ஆனால், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தங்க நாணயங்களைச் சேகரிப்போருக்கு இந்தக் கல் பெரிதாக உதவுவதில்லை. அவர்களிடம் வந்து சேரும் போலிகளுள் பல நல்ல தங்கத்தாலேயே செய்யப்பட்டவை!

தங்கத்தைப் போட்டு யாராவது போலி செய்வார்களா என்று கேட்பீர்கள். 1933இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், மக்கள் வைத்திருந்த தங்க நாணயங்களை ஒப்படைக்கும்படி கட்டளையிட்டார். சேகரிப்பாளருக்குரிய அரிய நாணயங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஒப்படைக்கப்பட்டவை உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்குத் தங்கத்தின் பெறுமதியைவிடக் கூடிய விலை கிடைத்தது. அந்த இலாபத்தைக் கண்டவர்கள் 1950களிலும் 60களிலும் லெபனானில் தங்கத்தை வாங்கி, பழைய ஆண்டுகளைப் பொறித்து நாணயம் அடித்தனர். உரைத்தால் பொன் தேறும். காசு தேறாது.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? முதலில் நிறை. 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 டொலர் நாணயம் 8.359 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம். நாம் பவுண் என்று சொல்லும் ஆங்கிலேயரின் சவரின் 7.988 கிராம்தான். 20 டொலர் நாணயமோ 33.436 கிராம். நிறையில் குறைந்தால் சந்தேகம். நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்த்தால் ஏறக்குறைய 17.2 வரவேண்டும். இவை இரண்டும் மட்டமான போலிகளைப் பிடித்துவிடும். கெட்டிக்காரனின் போலி தப்பிவிடும்.

அடுத்தது உருப்பெருக்கிக் கண்ணாடி. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதை ஒரு சிறிய எழுத்துக் காட்டும். சான் பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’, ஜோர்ஜியாவின் டலோனிகாவுக்கு ‘டி’. சாதாரண நாணயமொன்றில் இந்த எழுத்தை ஒட்டிவிட்டால் விலை பலமடங்காகும். எழுத்தின் அடியில் ஒட்டிய விளிம்பு தெரிகின்றதா என்று பார்ப்பார்கள்.

இதைவிட நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. நாணயத்தை அடிக்கும் அச்சில் கீறல் விழுந்தால், அந்த அச்சில் அடித்த காசுகளிலெல்லாம் அது மேலெழுந்த கோடாக வரும். ஆகவே, உண்மையென நிச்சயமான காசில் உள்ள அதே கோடு இன்னொன்றிலும் இருந்தால், அது நல்ல சாட்சி. ஆனால், காசு கைமாறும்போதும் கீழே விழும்போதும் ஏற்படும் பள்ளங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியானவை. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில், ஒரே வடிவில் பள்ளம் இருந்தால்? ஓர் அசலை மாதிரியாக வைத்து அச்சுச் செய்தவன், அதன் காயங்களையும் சேர்த்தே பிரதி எடுத்துவிட்டான் என்று அர்த்தம். மேடு ஒத்திருந்தால் நல்லது, பள்ளம் ஒத்திருந்தால் ஆபத்து. கேட்பதற்கு விடுகதை போலிருக்கும்.

(நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், சேகரிப்பாளரிடம் அதன் மதிப்புப் போய்விடும்.)

சரி, உண்மையான காசையே போலியென ஒதுக்கிய கதையும் இருக்கின்றது. கலிபோர்னியாவில் 1848இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு, 1854இல் சான் பிரான்சிஸ்கோவில் நாணயச்சாலை திறக்கப்பட்டது. அவ்வருடம் அங்கே 20 டொலர் நாணயங்கள் 1,41,468 அடிக்கப்பட்டன. 5 டொலர் நாணயமோ வெறும் 268. நெடுங்காலமாக இவற்றுள் மூன்றே உலகில் இருப்பதாக அறியப்பட்டிருந்தது. ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. இன்னொன்று 1967இல் புளோரிடாவில் ஒரு செல்வந்தர் வீட்டில் ஆயுதமுனையில் கொள்ளையிடப்பட்டது.

பின்னர் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் நாலாவது ஒன்றைக் கொண்டுவந்தார். நாணயக் கண்காட்சியில் காட்டியபோது வியாபாரிகள் பலரும் போலி என்றே சொன்னார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 268இல் ஒன்று திடீரென வந்து நின்றால் யார்தான் நம்புவார்? மனிதர் மனந்தளராமல் என்.ஜி.சி. என்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்தார். அவர்கள் ஸ்மித்சோனியன் நாணயத்தின் படத்தைப் பெற்று ஒப்பிட்டார்கள். கொள்ளைபோன காசின் பழைய படத்தோடும் ஒப்பிட்டு, இது அதுவல்ல என்று உறுதிசெய்தார்கள். திருட்டுப் பொருளாக இருந்தால், அசலாக இருந்தும் விற்க முடியாதல்லவா?

2018 ஓகஸ்ட்டில் அந்த 5 டொலர் காசு 21 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அதிலுள்ள தங்கம் ஏழரைக் கிராமுக்குச் சற்று மேல்தான்.