கடலுக்கு விருந்தாளியாக



பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர், இத்தாலியிலோ போர்ச்சுக்கல்லிலோ கூட்டமில்லாத கடலோரக் கிராமமாகப் பார்த்து, நண்பர்களாகச் சேர்ந்து ஒரு வாரம் தங்கப் போகிறார்களாம். 'அதைப் பற்றி எழுதுங்களேன்' என்றார்கள். விசாக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 90 யூரோ என்று கேட்டதும் எனக்குள் இருக்கும் தொண்டூர்க்காரன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தொண்டூரில் கடல் கிடையாது. பாறையில் பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார்; பாற்கடல் அவரோடு சரி. ஆனால் கூட்டாகக் கடலுக்குக் கிளம்புவது செஞ்சி வட்டாரத்துக்குப் புதிதில்லை. மாசி மகத்துக்குச் சிங்கவரம் ரங்கநாதரும் மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார்கள். பின்னாலேயே நாமும் போகிறோம். அது திருவிழா. அமைதி தேடுகிறவர்களுக்கு அந்த நாளும் ஆகாது, புதுச்சேரியின் சனி ஞாயிறும் ஆகாது.

அவர்களுக்கு நான் சொல்வது மரக்காணம். திண்டிவனத்தில் பஸ் மாறினால் போதும். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் பாணனுக்குச் சொல்லப்படும் வழி இதுதான், திசை மட்டும் நேரெதிர். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனம் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். பட்டினத்தில் பரதவர் சுட்ட மீனும், வழியிலுள்ள வேலூரில் எயினர் புளிச்சோறும் இறைச்சியும், ஆமூரில் உழவர் வெண்சோறும் நண்டும் கொடுத்து உபசரிப்பார்கள் என்று ஊர் ஊராகச் சாப்பாட்டை எழுதிவைத்த புலவர் நத்தத்தனார், என்னைக் கேட்டால், நம் முதல் பயண எழுத்தாளர். பாணனுக்கு முன்பதிவு தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவை; மரக்காணத்தில் தங்கும் அறைகள் குறைவு.

பொங்கல் முடிந்து, பனி விலகாத தை, மாசியில் போவது நல்லது. மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்த உப்பளங்களில் அப்போதுதான் வேலை தொடங்கியிருக்கும். விடியும் முன்பே தொழிலாளிகள் இறங்கிவிடுவார்கள். நீண்ட மூங்கில் கழியில் பலகை பொருத்தி, பாத்தியின் அடியில் படிந்த உப்பைக் கலங்காமல் வரப்புக்கு இழுக்க வேண்டும். அழுத்தினால் சேறும் சேர்ந்து வரும், மேலாக இழுத்தால் உப்பு தங்கிவிடும். வெயில் ஏறும் முன் முடித்தாக வேண்டிய வேலை என்பதால் அவர்களிடம் பேச்சுக் கொடுக்க அது நேரமில்லை.

பக்கத்திலேயே கழுவேலி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். வலசைப் பறவைகள் இருப்பதும் இந்த மாதங்களில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. அந்தக் கோட்டைக்கும் நம் செஞ்சிக் கோட்டைக்கும் ஒரே ஜாதகம். 1750இல் ஆலம்பரை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்குப் போனது. அதே ஆண்டு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தார். 1760இல் ஆலம்பரையையும் மறு ஆண்டு செஞ்சியையும் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள். இடித்தது என்னவோ ஆலம்பரையை. மிச்சமிருக்கும் செங்கல் சுவரின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, ஃபைபர் படகில் வருவதுதான் மீன், அது சொல்வதுதான் விலை. கடலில் குளிப்பதைப் பற்றி உள்ளூர் மீனவர் 'இறங்காதீங்க' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. நம்மவர்களுக்குக் கிணற்று நீச்சல் தெரியும். அலை உள்ளே இழுக்கும்போது அது உதவாது.

நம் பிள்ளைகள் போக நினைக்கும் இத்தாலியையே பாருங்கள். அங்கே சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோரக் கிராமங்கள் 1997இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அமைதியைத் தேடிப் போன கூட்டமே அங்கே அமைதியைக் கெடுத்தது. அவற்றில் இரண்டு ஊர்களை இணைக்கும் புகழ்பெற்ற பாதை பாறை சரிந்து மூடப்பட்டு, 2024இல் மீண்டும் திறந்தபோது கட்டணமும் முன்பதிவும் சேர்ந்தே வந்தன. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் அதே பட்டியலில் ஏறிவிட்டது. இனி நாமும் வெளியூர்க்காரர்களைப் பார்க்கப்போகிறோம். களத்தில் காயும் நெல்லை மிதித்துக்கொண்டு ஒருவர் செல்பி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? மணலில் நெத்திலி காயப்போட்டிருக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். வலையிலிருந்து மீனைத் தட்டி எடுப்பவர்களுக்கு நடுவே போய் நிற்காமல், ஏலம் முடிந்ததும் கேட்ட விலைக்கு மீன் வாங்கி, அந்த ஊரிலேயே சமைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள்.

இத்தாலியோ போர்ச்சுக்கல்லோ போகும் பிள்ளைகள் நல்லபடியாகப் போய்வரட்டும். போகாத மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நண்பர்களோடு தங்கிவந்த கடலோர ஊர் எது, எந்த மாதம் போனீர்கள், செலவு எவ்வளவு, அங்கே குளிக்கலாமா கூடாதா என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். படம் வைத்தால், அதில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்