தழும்பில்லாத விழுப்புண்

கிரிக்கெட் என்றாலே முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர்கள் இந்த ஒரு முறை பொறுத்தருள வேண்டும். நாம் பேச வந்தது ஆட்டத்தைப் பற்றியன்று. அடிபட்ட ஒருவனின் சொல்லை நம்ப மறுக்கும் நம் மனத்தைப் பற்றி.

2020 டிசம்பர் 4, கான்பெரா. சேலத்து நடராஜன் தம் முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் மூன்று விக்கெட் வீழ்த்திய நாள் என்பதால் பலருக்கும் நினைவிருக்கும். அன்று இந்திய இன்னிங்ஸின் கடைசி ஓவரில் ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டைத் தாக்கியது. அவர் தொடர்ந்து ஆடி இன்னிங்ஸை முடித்தார். இடைவேளையில் தலைசுற்றுவதாகச் சொல்ல, கன்கஷன் மாற்று வீரராகச் சஹல் இறங்கினார், அவரும் மூன்று விக்கெட் எடுத்தார், இந்தியா வென்றது. உடனே கூச்சல் எழுந்தது. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் ஆட்ட நடுவர் டேவிட் பூனுடன் வாதிட்டார். அடி பட்டவுடன் மருத்துவர் ஏன் உள்ளே ஓடவில்லை, பிறகு எப்படி இந்தத் தலைசுற்றல் வந்தது என்று வர்ணனையாளர்களும் ரசிகர்களும் துருவினார்கள்.

நான்கே நாள் கழித்து, சிட்னியில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் கார்த்திக் தியாகியின் பந்து வில் புகோவ்ஸ்கியின் ஹெல்மெட்டைத் தாக்கியது. சில வாரங்களுக்கு முன்புதான் அடுத்தடுத்து இரண்டு இரட்டைச் சதம் அடித்திருந்த 22 வயது இளைஞர் அவர். அவர் நடிக்கிறார் என்று எவரும் சொல்லவில்லை. ஏன்? அவர் வெளியேறியதால் எவருக்கும் ஆதாயமில்லை. ஆக, நம் ஐயம் நோயின் குறிகளைப் பார்த்துப் பிறப்பதில்லை. ஸ்கோரைப் பார்த்துப் பிறக்கிறது.

இந்தக் காயத்தைப் பற்றி மருத்துவம் சொல்வது தெளிவானது. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. நினைவிழப்பு மிகச் சிலருக்கே நேரும். குறிகள் மணிக்கணக்கில் தாமதித்தும் தோன்றலாம். வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பலர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள்; சிலருக்குத் தலைவலியும் சோர்வும் கிறுகிறுப்பும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் நீளும். அப்படியிருக்க, "உடனே விழவில்லையே" என்பது ஒரு வாதமா? அறியாமைக்கு நியாயம் என்று பெயர் சூட்டுவதன்றி வேறென்ன?

புகோவ்ஸ்கியின் கதை அந்த அறியாமைக்குப் பதில். 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக 62 ரன் எடுத்தார். அதுவே அவருடைய முதல் டெஸ்ட். கடைசி டெஸ்டும் அதுவே. 2024 மார்ச்சில் ஹோபார்ட்டில் மீண்டும் தலையில் அடி. 2025 ஏப்ரலில், 27 வயதில், ஆட்டத்தையே விட்டு விலகினார். அந்த அடிக்குப் பின் வீட்டு வேலைகளைச் செய்யவே சிரமப்பட்டதையும், தலைவலியும் சோர்வும் இன்னும் விடாததையும், தம் இடப்பக்கம் எது நடந்தாலும் குமட்டுவதையும் அவரே சொன்னார். இவற்றில் எதைக் காமிரா காட்டும்? எந்த மறு ஒளிபரப்பில் நாம் சரிபார்ப்போம்?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் புனேயில் ஷிவம் துபேக்கு மாற்றாக ஹர்ஷித் ராணா இறங்கியபோது, பட்லரின் ஆட்சேபம் பொருளற்றதன்று. ஒரு பேட்ஸ்மேனுக்கு ஈடாக முழுநேர வேகப்பந்து வீச்சாளரா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி மாற்று வீரரைத் தேர்ந்தவர்களை நோக்கியது. அதை அடிபட்டவன் மேல் திருப்புவது அநீதி. இன்று அவனைப் பொய்யன் என்றால், நாளை அடிபடும் இளைஞன் தலைசுற்றலை விழுங்கிக்கொண்டு களத்தில் நிற்பான். தேறுவதற்குள் விழும் இரண்டாவது அடி முதல் அடியைவிடக் கொடியது.

நம் முன்னோர் முகத்திலும் மார்பிலும் பட்டதை விழுப்புண் என்று கொண்டாடினர். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தனர். காயத்தைக் கண்ணால் கண்டு வீரத்தை அளந்த மரபு அது. அந்த மரபின் மிச்சம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. தாடையில் கட்டுப்போட்டுப் பந்து வீசிய கும்ப்ளேவை 2002 முதல் இன்றுவரை நெகிழ்ந்து போற்றுகிறோம். போற்றட்டும். ஆனால் தழும்பில்லாத புண்ணும் புண்தான் என்று ஏற்கும் அளவுக்கு நம் மனம் இன்னும் வளரவில்லை.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த முறை ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஏதோ சரியில்லை" என்று சொன்னால், ஸ்கோரைப் பார்க்குமுன் அவன் முகத்தைப் பார்ப்போம். ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் உண்டு. அவனுக்கு இன்னொரு மூளை இல்லை.