ஏணியில்லாமல் ஒரு திருத்தம்

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் என் இல்லத்துக்கு வந்தான். முழங்காலிலே கட்டு, முகத்திலே வாட்டம். "என்ன தம்பி, பந்தாட்டத்தில் விழுந்தீரோ?" என்று வினவினேன். "இல்லை சேர், ஏணியால் விழுந்துவிட்டேன்" என்றான்.

விஷயம் இதுதான். தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மோட்டரைத் தானாகவே நிறுத்தும் சிறு மின்பலகையொன்றை அவன் செய்து, கூரைக்கு மேலுள்ள தொட்டியருகே பொருத்தியிருந்தான். அப்பலகையின் மூளை ஈஎஸ்பி32 என்னும் சிப். உள்ளங்கையில் அடங்கும் அளவினதாயினும், வைபை அலைகளின் மூலம் பேசவும் கேட்கவும் வல்லது. ஆனால் அவன் எழுதிய நிரலிலே ஒரு சிறு பிழை. அதைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் மடிக்கணினியையும் கம்பியையும் சுமந்துகொண்டு ஏணியேற வேண்டியிருந்தது. மூன்றாந் தடவை கால் வழுக்கிவிட்டது.

"பலகைக்குக் காது இருக்கிறதே, சேர்! புதிய நிரலைக் காற்று வழியாகவே அனுப்பினால் என்ன?" என்று கேட்டான்.

"அனுப்பலாம். ஆனால் முதலில் ஒரு கதை கேளும்" என்றேன். அக்கதையை வாசகர்களும் கேட்பது நன்று.

1976ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதி, அமெரிக்காவின் வைக்கிங் 1 என்னும் விண்கலம் செவ்வாய்க் கிரகத்திலே இறங்கியது. ஆறாண்டுகளுக்கு மேலாக அது அங்கிருந்து செய்தி அனுப்பி வந்தது. 1982ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், அதன் மூப்படைந்த மின்கலங்களுக்கு மின்னேற்றும் முறையைச் சீர்செய்யும் நோக்கத்துடன் பூமியிலிருந்து புதிய கட்டளைகள் அனுப்பப்பட்டன. அவற்றிலே ஒரு தவறு. அனுப்பிய எழுத்துக்கள், அலைவாங்கியைப் பூமியை நோக்கித் திருப்புவதற்கான குறிப்புகள் இருந்த இடத்தின்மேல் எழுதப்பட்டுவிட்டன. நவெம்பர் 11ஆந் திகதியுடன் தொடர்பு அறுந்தது. பின்னர் அது மீளவேயில்லை. விண்கலம் உடைந்துவிடவில்லை, எத்திசை நோக்கிப் பேசவேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டது. தவறு தெரிந்தபின்னும் அதைத் திருத்தும் வழி அத்தவறினாலேயே அடைபட்டுப்போயிற்று.

"ஆகவே தம்பி, புதிய நிரலை அனுப்புவது பெரிய காரியமன்று. தவறான நிரலை அனுப்பிவிட்டபின்பும் பலகை உம்முடைய சொல்லைக் கேட்கும்படி செய்வதே பெரிய காரியம்" என்றேன்.

இதற்கு அறிஞர் கண்ட உபாயம் மிக எளிது. பலகையின் நினைவகத்தில் நிரலுக்கென இரண்டு அறைகளை ஒதுக்குதல் வேண்டும். பழைய நிரல் ஓர் அறையிலிருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே, புதியது சிறிது சிறிதாக மற்றைய அறைக்கு வந்து சேரும். இடைநடுவில் மின்சாரம் நின்றாலும் பழையதற்குச் சேதமில்லை. முழுவதும் வந்து சேர்ந்து, பிழையின்றி இருப்பதும் உறுதியானபின்பே, "இனி இவ்வறையிலிருந்து தொடங்குக" என்னும் குறிப்பு மாற்றப்படும். புது வீட்டிலே அடுப்பு எரிகிறதா என்று பாராமல் பழைய வீட்டை இடிப்பவர் உண்டோ? இடத்தில் ஏறக்குறையப் பாதியை இழப்பதே இதற்கு நாம் கொடுக்கும் விலை.

விழித்தெழும் புதிய நிரல், முதலில் தன்னைத்தானே பரீட்சித்து, "நான் நலம்" என்று கையொப்பமிட வேண்டும். கையொப்பமிடாமல் மயங்கி நின்றால், காவற் கடிகாரம் ஒன்று பலகையை மீண்டுந் தொடக்கிவைக்கும். அப்போது தொடக்க நிரலானது பழைய அறையையே திறந்துவிடும்.

இன்னுமோர் அபாயமும் உண்டு. நாம் நுழையத் திறந்த வாயிலாற் கள்வனும் நுழையலாம். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே இரு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செறோக்கி வாகனத்தைத் தொலைவிலிருந்தே தம் வசப்படுத்திக் காட்டினர். அதிலிருந்த சிப் ஒன்று, யார் அனுப்பிய நிரல் என்று விசாரியாமலே ஏற்றுக்கொண்டமை அதற்கு ஒரு காரணம். அதன் விளைவாக 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்கு உட்பட்டன. ஆதலால், அனுப்புவோன் தன் இரகசியச் சாவியால் நிரலுக்கு முத்திரையிட வேண்டும். பலகை அம்முத்திரையைச் சோதித்தபின்பே அதனை ஏற்றல் வேண்டும்.

மாணவன் இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு சென்றான். இரண்டு கிழமைகளின் பின் உற்சாகத்தோடு வந்தான். "எல்லாம் சரி, சேர். முதல் நிரலை மட்டும் கம்பியாலேதான் ஏற்றினேன், கடைசி ஏணியேற்றம்! புதிய நிரல் எழுந்ததும் மோட்டர் நிற்கிறதா, தண்ணீர் மட்டம் தெரிகிறதா என்று பரீட்சித்து, 'நலம்' என்று கையொப்பமிடும்" என்றான்.

"காது கேட்கிறதா என்று பரீட்சித்தீரோ?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் மௌனமாக நின்றான். பின்பு தலையைச் சொறிந்தான். தொட்டியைத் திறம்படக் காக்கும் நிரலாயினும், வைபையுடன் இணையும் பகுதி அதில் விடுபட்டிருந்தால், அதுவே தன்னை நலமென்று சொல்லி, வாயிலையும் அடைத்துவிடும். வைக்கிங்கின் கதை கூரைமேலே மீண்டும் நடந்துவிடும். அடுத்த திருத்தத்தை ஏற்கும் ஆற்றல் இருக்கிறதா என்பதே முதலாவது பரீட்சையாக இருத்தல் வேண்டும்.

வாயில் அடைபடாதிருந்தால் எவ்வளவு தூரத்திலும் திருத்தம் செய்யலாம் என்பதற்கு வொயேஜர் 1 சாட்சி. 1977இல் ஏவப்பட்ட அக்கலம் 2023ஆம் ஆண்டு நவெம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கியது. நினைவக சிப் ஒன்று கெட்டிருந்தது. அதிலிருந்த நிரற்பகுதி முழுவதையும் வைக்கத்தக்க இடம் வேறெங்கும் ஒருசேர இருக்கவில்லை. பொறியியலாளர் அதனைத் துண்டுகளாக்கி, வெவ்வேறு இடங்களில் வைத்து, 2024ஆம் ஆண்டு ஏப்பிரில் 18ஆந் திகதி முதற் பகுதியை அனுப்பினர். ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீற்றர் தூரம். செய்தி போக இருபத்திரண்டரை மணி நேரம், மறுமொழி வர அவ்வளவு நேரம். 20ஆந் திகதி நல்ல செய்தி வந்தது. கலம் கேட்குந் திறனை இழக்காதிருந்தமையாலேயே அது கைகூடிற்று.

சென்ற ஞாயிறன்று மாணவன் வீட்டுக்குச் சென்றேன். வேண்டுமென்றே பிழையான, வைபை அற்ற நிரலொன்றை என் கண்முன் அனுப்பினான். பலகை எழுந்தது, இணைய முயன்றது, முடியாமற் போகவே, சில நிமிடங்களில் பழைய நிரலுக்குத் திரும்பி, மீண்டும் பேசத் தொடங்கியது. அவன் தாயார் கோப்பியைக் கொண்டுவந்து வைத்து, "இனி ஏணியைப் பக்கத்து வீட்டாருக்குத் திருப்பிக் கொடுக்கலாமோ, சேர்?" என்று கேட்டார்.

"கொடுக்கலாம், அம்மா, ஆனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவையுங்கள்" என்றேன்.