அப்பாருடைய துப்பாக்கியை நான் விற்கப்போவதில்லை

அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் காப்பித் தம்ளரைக் கீழே வைக்கும்போது கேட்டது ஒரே கேள்விதான்: “அந்தத் துப்பாக்கிய என்ன பண்ணப்போற?” அம்மாவுடைய சர்க்கரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்கு ஒரு யோசனை. “லைசென்ச உம் பேருக்கு மாத்திக்கடா. மக்காச்சோளத்துல பன்னி எறங்குது. ரெண்டு போட்டம்னா அப்பறம் அந்தப் பக்கமே வராது.” காங்கேயத்து மாமாவுக்கு வேறு யோசனை. “உனக்கெதுக்கு மாப்ள இந்த வம்பு? தெரிஞ்ச பார்ட்டி ஒண்ணு இருக்குது. ஒன்றரை லட்சம் குடுப்பாங்க. வித்துப்போட்டு நிம்மதியா இரு.”

சுடு, இல்லாவிட்டால் விற்றுவிடு. இரண்டையும் நான் செய்யப்போவதில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அது என்ன துப்பாக்கி என்பது. பாயிண்ட் 315. வங்காளத்தில் இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் ராணுவம் தூக்கிக்கொண்டு அலைந்த பாயிண்ட் 303 லீ என்ஃபீல்டின் அதே உடம்பு, அதே இழுத்துத் தள்ளும் போல்ட். ராணுவத் தோட்டா நம் ஜனங்கள் கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் 303ஐத் தடைசெய்து வைத்தான். சுதந்திரம் வந்த பிறகும் அந்தத் தடை நீடித்தது. அதனால் குழாயையும் தோட்டாவையும் மட்டும் மாற்றி, லைசென்ஸ் உள்ளவர்களுக்கு 315 என்று விற்றார்கள். வேட்டி கட்டிவிட்ட பட்டாளத்துக்காரன், அவ்வளவுதான்.

இதன் அண்ணனைக் கொங்கு நாடு நன்றாகவே அறியும். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள்மீது போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா பிரச்சினை. அந்தக் காலத்துப் போலீஸ்காரர் தோளில் தொங்கியது 303. பெருமாநல்லூர் எங்கள் தோட்டத்திலிருந்து முக்கால் மணி நேரம். அப்பாரும் அன்றைக்கு மோட்டார் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த விவசாயிதான். ஆனால் வீட்டு ஆசாரத்தில் தன் 315ஐ அவர் பெருமையாகத்தான் மாட்டி வைத்திருந்தார். இதை அவர் எப்படிச் சேர்த்து யோசித்தார் என்று கேட்க இப்போது ஆளில்லை.

அவர் பர்கூர் மலைக்கு இரண்டு தடவை வேட்டைக்குப் போனதாகக் குடும்பக் கதை. ஒரு வாயில் கடமான், இன்னொரு வாயில் பன்றி. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் ஐம்பது வருடம் அந்தத் துப்பாக்கி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆனால் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

பண்ணையத்து ஆட்கள் கூலி உயர்த்திக் கேட்டு வாசலில் வந்து நிற்கும் நாள்களில், அப்பாரு அதை எடுத்துத் திண்ணையில் வைத்துக்கொண்டு எண்ணெய்த் துணியால் துடைப்பாராம். ஒரு வார்த்தை பேச மாட்டாராம். “செரிங் பண்ணாடி” என்று அவர்கள் திரும்பிப் போய்விடுவார்களாம். அத்தை இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். பன்றிக்குக் காவல், திருடனுக்குக் காவல் என்று விண்ணப்பத்தில் என்ன எழுதினாலும் சரி, அது செய்த ஒரே வேலை இதுதான். இன்றும் நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் “அவிக ஊட்டுல லைசென்ஸ் துப்பாக்கி இருக்குது” என்று சொல்லும்போது குரல் எந்தத் திசைக்கு உயர்கிறது என்று கவனியுங்கள்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் விழுந்து விழுந்து படித்த காலத்தில், இதே துப்பாக்கியோடு நின்று எடுத்த போட்டோவைக் கல்லூரி விடுதியில் எல்லோருக்கும் காட்டியவன். கூலி கேட்டு வாசலில் நின்ற குடும்பத்துப் பையன் ஒருவனும் அதே கல்லூரியில்தான் இருந்தான். அவனும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பாவின் பன்றிக்கு வருவோம். பன்றித் தொல்லை கற்பனை என்று பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் சோளத்தைக் கவிழ்த்துப்போட்டுப் போகும். விடிந்து போய்ப் பார்த்தவனுக்குத்தான் வயிறு எரியும். ஆத்திரத்தில் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதைக் கடித்து யானையும் மாடும் வாய் கிழிந்து சாகின்றன. அதற்கு நேராகச் சுடுவது மேல் என்று சித்தப்பா சொன்னால், மிருகத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது சரிதான்.

ஆனால் சுடுவது யார்? கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைக்கொண்டு சுடவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அமைச்சர் சட்டசபையில் அறிவித்தது வேறு: காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடிப்பது, அதைத் தாண்டினால் வனத்துறையே சுடும். நானோ சித்தப்பாவோ இல்லை. நாங்கள் சுட்டால் அது வேட்டை, ஜெயில்.

சட்டத்தை விடுங்கள், எங்கள் நிலத்தைப் பாருங்கள். கொங்கு ஊர் என்பது வீடுகளெல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்கும் ஊர் அல்ல. தோட்டத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கட்டுத்தரை, நடுவில் இட்டேரி. ரைஃபிள் தோட்டா ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் ஆளைக் கொல்லும். பன்றிக்குக் குறி தவறினால் அது யார் வீட்டுச் சுவரில் போய் நிற்கும்? போதாததற்குப் பெருந்துறை சிப்காட். ராத்திரி ஷிப்ட் முடிந்து பீகார், ஒடிசாப் பையன்கள் செல்போன் வெளிச்சத்தில் எங்கள் இட்டேரி வழியாகத்தான் ரூமுக்கு நடக்கிறார்கள். டார்ச் அடித்துச் சோளத்துக்குள் அசைவதைச் சுடலாம் என்கிறார் சித்தப்பா. பக்கத்தில் வெள்ளோட்டில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிக்காமல் இருக்கிற ஊர்கள் இருக்கின்றன. சித்தப்பா பொண்ணு கட்டிய ஊரும் அந்தப் பக்கம்தான்.

சரி, விற்கலாமே? சட்டப்படி விற்கலாம், லைசென்ஸ் உள்ளவருக்கோ கடைக்கோ. இதுதான் எல்லோருக்கும் நியாயமாகத் தெரிகிற வழி, எனக்கு அதிகமாகக் கோபம் வருவதும் இதில்தான். மாமா சொன்ன அந்தப் பார்ட்டி யார் என்று விசாரித்தேன். அவருக்குக் காடும் இல்லை, சோளமும் இல்லை. ரியல் எஸ்டேட். சைட்டுக்குப் போகும்போது கார் பின்சீட்டில் கிடந்தால் போதுமாம். அதாவது அப்பாரு திண்ணையில் செய்ததை அவர் காரில் செய்வார். ஒன்றரை லட்சம் இரும்புக்கு யாரும் தருவதில்லை. எதிரே நிற்கிறவன் வாயை மூடவைக்கும் சக்திக்குத் தருகிறார்கள். அந்தக் காசு எனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இருக்கிறது என்பது உண்மை. போர்வெல் கடன் இன்னும் நாற்பதாயிரம் பாக்கி என்பதும் உண்மை.

அப்பா போனதிலிருந்து துப்பாக்கி டெபாசிட்டில் கிடக்கிறது. லைசென்ஸ் வேண்டாம், அரசே எடுத்து அழித்துவிடட்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். தங்கச்சி போட்டுவிட்டாள். சித்தப்பா வாரிசு இல்லை, இருந்தாலும் அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போனவர் பதினெட்டு நாளாகப் பேசவில்லை.

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார், “ஆயுத பூசைக்கு மொதப் பொட்டு அதுக்குத்தான வெப்பாரு உங்கொப்பன். இனி எதுக்கு வெக்கறது?”

மோட்டாருக்கு வைக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போட்டார், தமிழில்.