சுருக்கென்று குத்தாமல்...

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி ஓயவே ஓயாது. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், டாக்டரம்மா வீட்டிலேயே ரத்தம் பார்க்கச் சொன்னார். நான் வெறும் ஊசியால் நேராக விரல் நுனியில் குத்திவிட்டேன். மறுநாள் பழைய பாவோடு புதுப் பாவு இழைகளை முறுக்கிச் சேர்க்க உட்கார்ந்தவர், "இந்தா பாரு, இந்த விரலை வெச்சுக்கிட்டு இழை எப்படி முறுக்குறது?" என்றார். அதோடு டெஸ்ட்டையே நிறுத்திவிட்டார்!

எனக்குத் திக்கென்றது. மருந்துக் கடையில் பேனா மாதிரிக் கருவி வாங்கி வந்தேன். பித்தானை அழுத்தினால் ஊசி சட்டென்று குத்தி உள்ளே போய்விடும். ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சின்ன எண்ணில் ஆரம்பியுங்கள். ஊசியில் மட்டும் கணக்கு தலைகீழ்: 28ஐ விட 33தான் மெல்லிசு.

வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவி, நன்றாகத் துடைத்து, மோதிர விரல் அல்லது நடுவிரலின் பக்கவாட்டில் குத்தணும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தறிக்கு! ஒவ்வொரு தடவையும் புது ஊசி. மாமியாருக்கும் சர்க்கரையா? அவருக்குத் தனிக் கருவி வாங்குங்கள்; பொதுவாக வைத்தால் ரத்தம் வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும்.

இப்போதெல்லாம் தறியில் உட்காருமுன் அவரே இடது மோதிர விரலை நீட்டுகிறார்.