வேம்புக்கு ஒரு வாய்தா

பஞ்சாங்கத்தைக் கேட்டால், இளவேனிலுக்குச் சித்திரை பிறக்க வேண்டும் என்று சொல்லும். நம் வீட்டு வேப்பமரம் அத்தனை நாள் பொறுப்பதில்லை. மாசியிலேயே இலைகளை உதிர்க்கத் தொடங்கிவிடுகிறது. ஊருக்கெல்லாம் பூங்கொத்துடன் வருகிற வசந்தம், நமக்கு மட்டும் துடைப்பத்துடன் வருகிறது!

காலையில் பெருக்கிய முற்றம், மத்தியானத்துக்குள் மறுபடியும் பழுப்பு ஜமக்காளம் விரித்துக்கொள்கிறது. "இந்த மரத்தை வெட்டினால்தான் எனக்கு விமோசனம்!" என்று அடுக்களையிலிருந்து தீர்ப்பும் பிறக்கிறது.

நேயர்களே, உடனே ஒரு மாத வாய்தா கேளுங்கள்! மொட்டைக் கிளையில் செம்பு நிறத் தளிர் வந்துவிடும். பின்னாலேயே பூ வரும். அடியில் பழைய வேட்டியை விரித்து வையுங்கள். வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் போக மீதியை உலர்த்தினால், வருஷம் முழுவதும் ரசத்துக்கு ஆயிற்று. கத்திரி வெயிலில் நிழலுக்கும் அந்த மரம்தான். இன்று வெட்டிவிட்டு நாளை கன்று நட்டால், அந்த நிழல் திரும்ப எத்தனை வருஷம் காத்திருப்பது?

சருகைக் கொளுத்தாதீர்கள். மல்லிகைப் பாத்தியில், தண்டை ஒட்டாமல் நாலு விரல் உயரம் பரப்புங்கள். மண்ணில் ஈரம் நிற்கும், தண்ணீரும் மிச்சம்.

ஒன்று மட்டும் நியாயம்: மரத்துக்காக வாதாடுகிறவர் துடைப்பத்தையும் தம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பச்சடியில் முதல் கரண்டி, வெட்டச் சொன்னவருக்கு!